டியூட்டி ஃப்ரீயில் வாங்கினால் வரி கிடையாதா?

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் விமானங்கள் சென்னையிலும் திருச்சியிலும் வந்து இறங்கும் நேரத்தில், பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கத்தின் பச்சை வழியைப் பார்த்து நடக்கிறவர்களில் பலர் கையில் ஒரு டியூட்டி ஃப்ரீ பை தொங்கும். மாமனாருக்கு ஒரு பாட்டில், நண்பனுக்கு ஒரு கார்ட்டன் சிகரெட், ஆபீஸில் பெரியவருக்கு ஒரு பெட்டி சுருட்டு. தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இருக்காது. கடத்தலையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு விதி வரிக்கு வரி தெரியும். தெரியாமல் வந்து சுங்க மேஜை முன்னால் திண்டாடுவது இந்த நல்ல மனிதர்கள்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புகையிலையை வாங்கச் சொல்வதற்காக அல்ல.

“டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கியது. பில்கூட இருக்கிறது. அதற்கு எப்படி வரி வரும்?”

அடிக்கடி காதில் விழும் வாதம் இது. அந்தக் கடை தள்ளுபடி செய்வது, கடை இருக்கும் நாட்டின் வரியை மட்டும்தான். பொருள் அந்த நாட்டுக்குள் செலவாகாமல் வெளியே போகிறது, அதனால் அவர்கள் வரியை விட்டுக்கொடுக்கிறார்கள். நீங்கள் மீனம்பாக்கத்தில் கால் வைத்ததும் இந்தியச் சட்டத்தின் கணக்கு தொடங்கிவிடும். சென்னையில் இறங்கிய பிறகு வருகைப் பகுதியில் இருக்கும் டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கினாலும் அதே கணக்குதான். வெளிநாட்டில் வாங்கியதோடு அதையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். பில் காட்டுவது பொருளின் விலையைத்தான், வரிவிலக்கை அல்ல.

“ஒரு கார்ட்டன் வரைக்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.”

இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது, அதனால்தான் இன்னும் சாகாமல் இருக்கிறது. பழைய விதிப்படி ஒரு பயணி 200 சிகரெட் அல்லது 50 சுருட்டு அல்லது 250 கிராம் புகையிலை கொண்டுவரலாம். 2014 பட்ஜெட்டில் மூன்றையும் சரிபாதியாக்கினார்கள். இப்போது 100 சிகரெட், அல்லது 25 சுருட்டு, அல்லது 125 கிராம் புகையிலை, அவ்வளவுதான். 2016-இல் வந்த பேக்கேஜ் விதிகளும் இதே அளவைத்தான் வைத்தன. ஆனால் கடைகளில் கார்ட்டன் அளவு மாறவில்லை. பாக்கெட்டுக்கு 20 வீதம் பத்து பாக்கெட், 200 சிகரெட். பளபளவென்று பிளாஸ்டிக் சுற்றிய அந்த ஒரே ஒரு கார்ட்டனை எடுத்தாலே, நம் ஊர் வரம்பைப் போல் இரண்டு மடங்கு வாங்கியாயிற்று. இருபது வருஷமாக வளைகுடாவுக்குப் போய்வரும் அண்ணன், முதல் தடவை போகும் தம்பிக்குச் சொல்லித்தருவது அந்தப் பழைய கணக்கைத்தான்.

அந்த ‘அல்லது’ என்ற சொல்லையும் பலர் கவனிப்பதில்லை. 100 சிகரெட்டும் 25 சுருட்டும் சேர்த்துக் கொண்டுவர அது அனுமதி தரவில்லை. மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

“மொத்த மதிப்பு வரம்புக்குள் இருக்கிறது. அப்புறம் எண்ணிக்கையை ஏன் பார்க்க வேண்டும்?”

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம், படித்தவர்களே தடுமாறும் இடம் இது. விமானத்தில் வரும் இந்தியப் பயணிக்கு வரியில்லாமல் பொருள் கொண்டுவரப் பொதுச் சலுகை ஒன்று உண்டு. 2016 விதிகளில் 50,000 ரூபாயாக இருந்த அது, 2026-இல் 75,000 ஆனது. அது ரூபாய்க் கணக்கு. சுருட்டுக்கு அதோடு எண்ணிக்கைக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. இரண்டையும் தாண்டாமல் இருக்க வேண்டும்.

மலிவான சுருட்டு 40 வாங்கி வந்தால், மொத்த விலை சில ஆயிரம்தான் என்றாலும் 15 அதிகம். அந்த 15-க்கு மற்ற சாமான்களுக்கான 35 சதவீதச் சலுகை விகிதம் கிடையாது. அளவுக்கு மிஞ்சிய சிகரெட், சுருட்டு, புகையிலையைச் சலுகையிலிருந்து தனியாகவே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பொருளின் மதிப்புக்குக் குறையாத தொகையை வரியாகவே வைக்க நேரும். எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். கியூபாவின் கோஹிபா சுருட்டு 25 கொண்ட ஒரு பெட்டியை ஒருவர் வாங்கி வருகிறார். எண்ணிக்கை சரி. ஆனால் 2022-இல் அதை விற்கும் நிறுவனம் கோஹிபாவின் விலையை உலகமெங்கும் ஒரே உயரத்துக்கு ஏற்றிவிட்ட பிறகு, அந்தப் பெட்டி ஒன்றே லட்ச ரூபாயைத் தாண்டக்கூடியது. 25-க்குள் இருக்கும் சுருட்டின் விலையும் பொதுச் சலுகைக்குள்தான் அடங்க வேண்டும். அவருடைய சாமான்களில் ஒரு கைக்கடிகாரமும் வாசனைத் திரவியமும் இருந்தால் அவையும் அதே தொகையைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். எண்ணி வாங்கியவர் விலையைக் கூட்டிப் பார்க்க மறந்துவிடுகிறார்.

“பெட்டியைப் பிரித்து, சுருட்டின் பட்டையை அவிழ்த்துவிட்டால் சொந்த உபயோகம் ஆகிவிடும்.”

ஆகாது. சுருட்டு பெட்டிக்குள் இருந்தாலும் சட்டைப்பைக்குள் இருந்தாலும் அது ஒரு சுருட்டுதான். பட்டையை உரித்தால் அதிகாரிக்கு விலையை மதிப்பிடுவது கஷ்டமாகும், உங்களுக்கு நிரூபிப்பது அதைவிடக் கஷ்டமாகும். பில்லைப் பத்திரமாக வைத்திருப்பதே உங்களுக்கு நல்லது.

குடும்பக் கணக்கும் இப்படித்தான். ஒருவருடைய சலுகையை இன்னொருவர் சலுகையோடு சேர்த்துக்கொள்ள விதி இடம் தரவில்லை. கணவர் கையில் 40 சுருட்டு இருந்தால் அது அவருடைய 40தான், “மனைவியின் பங்கு 15” என்று பிரித்துச் சொல்ல முடியாது. கைக்குழந்தையின் பாஸ்போர்ட்டைக் காட்டி அதன் பேரில் ஒரு பங்கு கேட்பவர்களும் இருக்கிறார்கள். குழந்தைக்கு விதி அனுமதிப்பது அதன் உபயோகத்துக்கான சாமான்களை மட்டும்.

“சிவப்பு வழியில் போனால் வம்பு. பச்சையில் பேசாமல் நடந்துவிட வேண்டும்.”

நடைமுறையில் இதற்கு நேர் எதிராகத்தான் நடக்கிறது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, பயணி தன் சாமான்களில் என்ன இருக்கிறது என்பதைத் தானே சொல்ல வேண்டும் என்கிறது. சிவப்பு வழி அதைச் சொல்வதற்கான இடம். அங்கே போய், “என்னிடம் 50 சுருட்டு இருக்கிறது, இதோ பில்” என்று சொன்னால், மிஞ்சிய 25-க்கு வரி போடுவார்கள். கட்டிவிட்டு ரசீதோடு வெளியே வரலாம். வெளிநாட்டில் குடியிருப்பவர் சில வாரம் ஊருக்கு வந்திருக்கிறார், வரி கட்ட மனமில்லை என்றால், உள்ளதை உள்ளபடி சொன்ன பிறகு 80-ஆம் பிரிவின்படி பொருளைச் சுங்கத்தில் விட்டு வைத்துத் திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். இப்படி ஒரு வழி இருப்பதை யாரும் யாருக்கும் சொல்வதில்லையே என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

பச்சை வழியில் கால் வைப்பதே, “வரி கட்ட வேண்டிய பொருள் என்னிடம் இல்லை” என்று அறிவிப்பதற்குச் சமம். அங்கே ஸ்கேனரில் மாட்டினால் அது மறைத்த பொருள். பறிமுதல் செய்யலாம். திருப்பித் தருவதென்றாலும் மீட்புத் தொகை, தண்டத்தொகை, அதோடு கட்ட வேண்டிய வரி எல்லாம் சேரும். சிவப்பு வழியில் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும் விஷயம், பச்சை வழியில் வழக்கு எண்ணோடு முடிகிறது.

“அவர் கொடுத்துவிட்டார், நான் வெறுமனே எடுத்து வந்தேன்.”

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விமான நிலையத்தில் பழகிய முகம்போல் சிரித்துக்கொண்டு வந்து, “சென்னையில் என் தம்பி வந்து வாங்கிக்குவான்” என்று இரண்டு கார்ட்டனை நீட்டுபவர் உங்களைக் கடத்தல் குருவியாக்கப் பார்க்கிறார். பை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். உறவினருக்கு நீங்களே அன்பளிப்பாக வாங்கிவரும் சுருட்டு வேறு விஷயம். அதைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் அதுவும் உங்கள் 25-க்குள்தான்.

சிங்கப்பூரை வீடாகக் கொண்ட தமிழர்களுக்குத் தனியாக ஒன்று. ஜொகூரிலிருந்து பாலம் தாண்டினாலும் திருச்சியிலிருந்து பறந்து வந்தாலும், அங்கே சிகரெட்டுக்கும் சுருட்டுக்கும் வரியில்லாச் சலுகை அறவே கிடையாது. ஒரே ஒரு சுருட்டாக இருந்தாலும் சிவப்பு வழியில் சொல்லி வரி கட்ட வேண்டும். மெல்லும் புகையிலை, குட்கா, கைனி வகைகளை வரி கட்டியும் உள்ளே கொண்டுபோக முடியாது. ஊரிலிருந்து கிளம்பும் தொழிலாளியின் பையில் ‘அவனுக்குப் பழக்கமாச்சே’ என்று வீட்டார் திணித்து அனுப்பும் ஹான்ஸ் பொட்டலமும் இதில் சேரும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் இன்னொன்று: சொந்த உபயோகத்துக்குக் கியூபா சுருட்டைக் கொண்டுபோகலாம் என்பது. 2016 அக்டோபரில் ஒபாமா அரசு அப்படித்தான் தளர்த்தியது. 2020 செப்டம்பரில் டிரம்ப் அரசு அதைத் திரும்பப் பெற்றது. துபாயில் வாங்கினாலும், லண்டன் டியூட்டி ஃப்ரீயில் வாங்கினாலும், யாராவது பரிசாகத் தந்தாலும், கியூபாவில் செய்தது என்றால் அமெரிக்காவுக்குள் அனுமதி இல்லை. பெயரை வைத்து முடிவுசெய்யக் கூடாது. கோஹிபா, மான்டெகிறிஸ்டோ என்ற அதே பெயர்களில் டொமினிகன் குடியரசில் செய்த சுருட்டுகள் அங்கே கடைகளிலேயே சட்டப்படி விற்கின்றன. பெட்டியின் அடியில் எந்த நாட்டில் செய்தது என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

கடைசியாக, சுருட்டுத் தொல்லை வேண்டாம் என்று வேப் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். 2019 சட்டப்படி இந்தியாவில் மின்சிகரெட்டின் இறக்குமதியே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிவப்பு வழியில் போய், “இதற்கும் வரி கட்டிவிடுகிறேன்” என்று கேட்க வழியே இல்லை. விமானம் ஏறும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.