கல்லுப்பில் பவளம் வளராது

மேசைமேல் வைக்கிற அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி, நீல வெளிச்சத்தில் அசையும் பவளங்கள், நடுவே ஒரு ஜோடி நெமோ மீன். நானோ ரீஃப் எனப்படும் இந்தக் குட்டிக் கடல்தொட்டியைக் காணொளிகளில் பார்த்து ஆசைப்பட்டு, சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் கொண்டுவரும் நம்பிக்கைகளில் பாதி நன்னீர்த் தொட்டி வளர்த்த பழக்கத்தில் வந்தவை. மீதி, கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே என்ற தைரியத்தில் வந்தவை. இரண்டுமே உயிர்களைக் கொல்கின்றன.

"கடல் உப்புதானே? ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கிக் கலந்தால் போதாதா?"

போதாது. தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதைக் கவனித்தால் காரணம் புரிந்துவிடும். உவர்நீரை ஒரே பாத்தியில் காயவிட்டு, மிஞ்சுவதை எல்லாம் அள்ளுவதில்லை. தேக்கி வைத்து வெயிலில் வற்றவிடும்போது முதலில் சுண்ணாம்பும் அடுத்து ஜிப்சமும் படிந்து நின்றுவிடும். அதாவது, நீரில் இருந்த கால்சியத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது. நீரின் அடர்த்தி போமே அளவுகோலில் 25 டிகிரியைத் தொடும்போது பாத்திக்குத் திருப்பி உப்பு படிய விடுவார்கள். படிந்ததும் மேலே நிற்கும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் அந்தக் கசப்பு நீரோடு வெளியேறிவிடும். சமையலுக்கு அதுதான் நல்ல உப்பு. ஆனால் ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் அளவுக்கு மக்னீசியமும் இருக்கும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது அந்தக் கால்சியத்தைக் கொண்டுதான். கல்லுப்புக் கரைசலில் கரிப்பு இருக்கும், கடல் இருக்காது. பாக்கெட் உப்பில் இன்னும் மோசம்: அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் கூடவே வரும்.

ரீஃப் தொட்டிக்கென்று விற்கும் சால்ட் மிக்ஸ்தான் வாங்க வேண்டும். அதைத் தனி வாளியில், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரையுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும்.

அப்படியானால் மெரினாவில் நேராக ஒரு கேன் பிடித்து வந்துவிடலாமே என்பது அடுத்த யோசனை. கூவமும் அடையாறும் கலக்கிற கரையில் பிடிக்கும் தண்ணீரில் கழிவும் சேர்ந்தே வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் கலந்து கரையோர உப்பளவே இறங்கிவிடும். கரையிலிருந்து தள்ளி எடுத்து முறையாக வடிகட்டிய கடல்நீரின் கதை வேறு. கேனில் பிடித்த கரைநீரை நம்பி உயிர்களை விடாதீர்கள்.

உப்பைக் கலக்கும் நன்னீரிலும் ஒரு வம்பு இருக்கிறது. "வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது" என்று பலரும் நிம்மதியாகச் சொல்கிறார்கள். சமையலறை ஆர்.ஓ. கருவி குடிக்கிறவர் நாக்குக்காகச் செய்யப்பட்டது. சுத்திகரித்த நீரில் ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் குமிழ் பலவற்றில் உண்டு. சில மாடல்களில் உடம்புக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜும் உண்டு. பவளம், நத்தை, இறால் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு மிகச் சிறிய அளவிலேயே விஷம். ஆர்.ஓ. நீரை, மிஞ்சிய உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வழியாகவும் விட்டு, கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே உப்பைக் கலக்குங்கள்.

"சின்னத் தொட்டிதானே, சுலபம்."

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. தொட்டி சிறியதாக ஆக, தவறு தாங்கும் சக்தியும் குறைந்துகொண்டே போகும். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பு அப்படியே நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடை விடுமுறைக்கு நாலு நாள் ஊருக்குப் போய் வருகிறீர்கள், 2 லிட்டர் வற்றிவிட்டது. லிட்டருக்கு 35 கிராம் உப்போடு இருந்த 20 லிட்டர் தொட்டியில் இப்போது கிட்டத்தட்ட 39 கிராம். 60 லிட்டர் தொட்டியில் அதே 2 லிட்டர் வற்றினால் 36 சொச்சம்தான். முன்னதில் பவளங்கள் சுருங்கிக் கிடக்கும், பின்னதில் ஒன்றும் தெரியாது. அதனால் முதல் தொட்டியை 60 லிட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். 20 லிட்டர் தொட்டி அனுபவசாலிகளுக்கு உரியது.

எந்த அளவானாலும், நீர்மட்டம் நிற்க வேண்டிய இடத்தில் கண்ணாடியின் வெளிப்புறம் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அந்தக் கோடு வரை ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ.டி.ஐ. நீர். வற்றியதை ஈடுகட்ட உப்புநீரையே ஊற்றி, நாளுக்கு நாள் உப்பை ஏற்றிவிடுகிறவர்கள் ஏராளம். உப்புநீர் தேவைப்படுவது வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும். உப்பளவை அளந்து பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று அவசியம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு, கழிவை நுரையாக்கி அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரை விட இந்தக் கருவிதான் முக்கியம் என்பேன்.

"அண்ணே, தண்ணி பளிச்சுனு இருக்கு, நாளைக்கு மீன் விட்டுடலாமா?"

பளிச்சென்று இருப்பதற்கும் தயாராக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. நன்னீர் மீன் வளர்த்தவர்கள் இங்கே ஏமாந்துபோவதற்கு ஒரு ரசாயனக் காரணமும் இருக்கிறது. கடல்தொட்டியின் பி.எச். 8.2 வாக்கில் நிற்கும். அந்த நிலையில், மொத்த அம்மோனியாவில் விஷமான பகுதி, பி.எச். 7 உள்ள நன்னீரில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல். குளத்து மீன் தாங்கிய அளவு இங்கே கொல்லும்.

ஆகவே மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்க வேண்டும். அம்மோனியம் குளோரைடை அளந்து விடலாம், அல்லது ஒரு துண்டு இறாலை அழுக விடலாம். சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். 'மீன் தாங்குதா பார்ப்போம்' என்று ஒரு மீனை விட்டுச் சோதிக்கும் வழக்கம் கொடுமையானது. அந்த மீனின் செவுள் அணுஅணுவாக எரிகிறது. சில நூறு ரூபாய் டெஸ்ட் கிட் செய்கிற வேலைக்கு ஓர் உயிர் எதற்கு?

அடுத்த வாரங்களில் மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் படரும், பிறகு பச்சைப் பாசி வரும். தொட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் கழுவிக் கொட்டாதீர்கள். புதுத் தொட்டி எல்லாவற்றிலும் இது வரும், போகும். விளக்கை எட்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள், தீனியைக் குறையுங்கள், இரண்டு நத்தைகளை விடுங்கள்.

வெப்பமண்டலப் பவளம்தானே, நம் ஊர் வெயில் தாங்காதா என்றும் கேட்கிறார்கள். மன்னார் வளைகுடாவிலேயே தாங்கவில்லை. 2010, 2016 கோடைகளில் கடல்நீர் சூடேறி அங்கே பவளங்கள் வெளிறின. பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து வெளிச்சத்தில் உணவு சமைத்துத் தரும் நுண்பாசி, சூடு மிஞ்சினால் வெளியேறிவிடுகிறது. நிறமும் போய் உணவும் போய்ப் பவளம் பட்டினி கிடக்கிறது. தொட்டியில் 25, 26 டிகிரி நல்லது. சென்னை மே மாதத்து மூடிய அறை அதை எளிதாகத் தாண்டிவிடும். நீர்ப்பரப்பில் காற்றடிக்கும் சின்ன விசிறி இரண்டு, மூன்று டிகிரி குறைக்கும். காற்று ஈரமாக இருக்கும் நாளில் அந்தப் பலனும் குறையும், எந்த நாளிலும் தண்ணீர் வேகமாக வற்றும். ஏ.சி. அறையோ நீரைக் குளிர்விக்கும் சில்லரோ இல்லாமல் இங்கே ரீஃப் தொட்டி வேண்டாம்.

"ராமேஸ்வரம் பக்கம் போனால் பாறையும் பவளமும் இலவசம்."

இலவசமல்ல, குற்றம். கடினப் பவளங்கள், கடல்விசிறிகள் ஆகியவற்றோடு கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான பாதுகாப்போடு சேர்க்கப்பட்டன. கரையில் செத்து ஒதுங்கிய பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளத்திட்டுகளைச் சுண்ணாம்புக்காகப் பல காலம் வெட்டி எடுத்து ஏற்கெனவே பாழாக்கியிருக்கிறோம். வரவேற்பறை அழகுக்காக அதில் இன்னும் ஒரு கல்லை எடுப்பதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. செயற்கையாகச் செய்த உலர் பாறை கடையில் கிடைக்கிறது, பாக்டீரியா அதிலும் குடியேறும்.

பவளமாகத் தொடங்க, தொட்டியிலேயே வெட்டிப் பெருக்கிய மென்மையான வகைகள் போதும்: சோவாந்தஸ், காளான் பவளம், லெதர். இவை கடினக் கூடு கட்டாதவை என்பதால் வாராந்திர நீர்மாற்றமே கால்சியக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை. சோவாந்தஸ் கூட்டத்தைச் சேர்ந்த சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஹவாயில் கிடைத்த இந்த இனத்து உயிரிலிருந்துதான் 1971-இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டாதீர்கள். பழைய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று அடுப்பில் வைத்துக் கொதிக்க விடவே கூடாது. ஆவியோடு நஞ்சு வீடு முழுக்கப் பரவி, குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

கடைசியாக மீன். டோரி என்று பிள்ளைகள் கேட்கும் நீல மீன் ஓர் அடி நீளம் வளரும். 60 லிட்டரில் அதை அடைக்கக் கூடாது. நெமோ எனும் கோமாளி மீனுக்கு அனிமோன் என்ற கடற்சாமந்தி கட்டாயம் என்பதும் தவறு. எதிரி இல்லாத தொட்டியில் அந்த மீன் அது இல்லாமலே நிம்மதியாக வாழும். அனிமோனோ இடம்விட்டு இடம் நகர்ந்து பம்பில் சிக்கிச் செத்து, தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் தொழில்நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். ஆகவே கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கடைக்காரரிடம் கேட்டே வாங்குங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது ஆண்டுகளும் வாழக்கூடிய மீன் இது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்காக வாங்குகிற வீட்டில், அந்தப் பிள்ளை வேலைக்கு வெளியூர் போன பிறகு கோடு வரை தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பதையும் வாங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.