தாதியர் பயிற்சியில் நம் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள்?

ஹேவாஹெட்டயில் மரக்கறிச் செய்கை பண்ணும் குடும்பங்களோடு நாம் நடத்தும் மாலை வகுப்பில் அண்மையில் ஒரு கேள்வி எழுந்தது. அங்கு வருவோரில் பலர் வேறிடங்களில் வாழ்ந்தவர்கள். சிலர் கலவரத்தாலும் யுத்தத்தாலும், சிலர் மண்சரிவாலும் வீட்டையும் காணியையும் இழந்து வந்தவர்கள். இப்போது சிறு துண்டு நிலத்தில் போஞ்சியும் கோவாவும் லீக்ஸும் போட்டுப் பிழைக்கிறார்கள். அவர்களில் ஒரு தாயின் மகள் உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்திருக்கிறாள். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அவளுக்கு ஆசை. தாய்க்கோ தயக்கம்.

“மூனு வருசம் படிக்கணுமாம். ஊசி போடப் பழக அம்புட்டு நாளு எதுக்குங்க? கார்மெண்ட்ஸுக்குப் போனா அடுத்த மாசமே சம்பளம் வருமே” என்றார் அவர்.

நியாயமான கேள்வி. வீடிழந்த குடும்பத்துக்கு மூன்று வருடம் என்பது சிறிய காலமல்ல. ஆகவே அந்த மூன்று வருடத்தில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பயிற்சி தோன்றிய விதம்

முன்னொரு காலத்தில் நோயாளரைப் பராமரிப்பதற்குத் தனிப் படிப்பு தேவையென்று யாரும் எண்ணவில்லை. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860 இல் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்த பின்னரே இது முறையான கல்வியாக வளர்ந்தது. நம் தமிழர் மத்தியில் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909 இல் தாதியர் பள்ளியொன்றைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1952 இல் மில்ட்ரெட் மொன்டாக் என்பவரின் திட்டப்படி, ஊர்க் கல்லூரிகளில் இரண்டு வருடத்தில் முடிக்கும் இணைப்பட்டப் படிப்பு பரீட்சார்த்தமாக ஆரம்பமாயிற்று. வசதி குறைந்த பலரும் குடும்பப் பெண்களும் அதனால் தாதியராயினர். நமது நாட்டில் சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகளில் மூன்று வருடப் பயிற்சி நடைபெறுகிறது. கண்டியிலும் அத்தகைய கல்லூரி உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டப் படிப்பும் உண்டு.

காலம் வேறுபட்டாலும் அடிப்படைப் பாடங்கள் எங்கும் பெரும்பாலும் ஒன்றே.

வகுப்பறையும் வாட்டும்

முதலில் உடலின் அமைப்பையும் அது இயங்கும் விதத்தையும் கற்கிறார்கள். இருதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியன நலமாக இருக்கும்போது எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால்தான் அவை பழுதுபடும்போது இனங்காண முடியும். அடுத்து நோய்க் கிருமிகள், போசாக்கு, மருந்தியல், மனநலம், தாய் சேய் நலம், சமூக சுகாதாரம் என்று பாடங்கள் விரிகின்றன. கட்டில் விரிப்பது, எழும்ப முடியாதவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, கை கழுவுவது ஆகியவற்றையும் முறைப்படி பழகுகிறார்கள். முதலில் பொம்மை வைத்துப் பழகி, பின்னர் வாட்டில் மூத்த தாதியரின் கண்காணிப்பில் செய்கிறார்கள்.

கணக்கும் முக்கியமான பாடமே. ஒரு பிள்ளைக்கு 75 மில்லிகிராம் மருந்து கொடுக்கும்படி டொக்டர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 125 மில்லிகிராம் என்று உள்ளது. அப்படியானால் 1 மில்லிலீற்றரில் 25 மில்லிகிராம் உண்டு. கொடுக்க வேண்டியது 3 மில்லிலீற்றர். இதில் ஒரு புள்ளி இடம் மாறினால் 30 மில்லிலீற்றர் ஆகிவிடும். பாடசாலையில் பிள்ளை தசமக் கணக்கில் இடறினால் நாம் கவனம் செலுத்த வேண்டியது இதனால்தான்.

ஆயினும் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பாடம் இருக்கிறது. பார்ப்பது, எண்ணுவது, எழுதி வைப்பது, உரிய நேரத்தில் சொல்வது என்பதே அது. டொக்டர் நோயாளியிடம் சில நிமிடங்களே நிற்பார். இரவும் பகலும் அருகில் இருப்பவர் தாதியே. காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து, காலையில் இருந்ததற்கும் மாலையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவரும் அவரே. நல்ல விவசாயி போஞ்சி இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது போன்றது இது. நோய் கொடி முழுவதும் பரவிய பின் யாருக்கும் தெரியும். முதல் புள்ளியைக் காண்பதற்குப் பழகிய கண் வேண்டும்.

ஒரு நிமிடம் எண்ணியதால்

அன்றைய வகுப்புக்கு விடுமுறையில் வந்திருந்த மாணவத் தாதி ஒருவரையும் அழைத்திருந்தோம். அவர் தமது குறிப்புப் புத்தகத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கையில், பின்வரிசையில் ஒரு தாயின் மடியில் எட்டு மாதக் குழந்தை இருமியது. “தடிமன்தான், மூனு நாளா இருக்கு” என்றார் தாய். மாணவத் தாதி பேச்சை நிறுத்திவிட்டு அருகில் போனார். “அக்கா, சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க” என்று சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குழந்தையின் வயிறு எழுந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணினார். 56 தடவை.

“இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்க்கா, நாளைக்கு வேணாம்” என்றார். முச்சக்கர வண்டி பிடித்து அனுப்பினோம். குழந்தைக்கு நிமோனியா. சில நாள் சிகிச்சை பெற்று நலமாக வீடு திரும்பியது. அங்கே ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. எண்ணத் தெரிந்த ஒருவர் இருந்தார்.

அதே கணக்கை நாமும் அறிந்து வைத்திருப்போம். இருமலோ மூச்சுக் கஷ்டமோ உள்ள பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் விழிக்காமல் மயங்கிக் கிடந்தாலோ எண்ணிக்கொண்டிருக்கவும் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

நம் பிள்ளைகள் போகும் வழி

கல்லூரிக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவரும். தகைமைகள் அவ்வப்போது மாறக்கூடும் என்பதால் அதை ஒவ்வொரு முறையும் முழுதாக வாசிக்க வேண்டும். சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும், உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுப் பாடங்களும் முக்கியமானவை. எனவே பிள்ளை ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே யோசிக்க வேண்டும். ஆங்கிலத்தையும் விட்டுவிடலாகாது. தெரிவானோருக்குப் பயிற்சிக் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்கும். ஆண் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம்.

இடம்பெயர்ந்தோருக்குப் பெரும் தடையாவது பத்திரங்களே. பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறப்பு பதியப்பட்ட பிரதேசத்துக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பரீட்சைப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்தில் பெறலாம். அறிவித்தல் வந்த பின் ஓடித் திரிவதை விட, இப்போதே எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்து வைப்பது நல்லது.

இன்னுமோர் எச்சரிக்கை. குறுகிய காலத்தில் தாதியாகலாம் என்று சொல்லிப் பணம் கேட்கும் தனியார் வகுப்புகள் பல உண்டு. பராமரிப்பு உதவியாளர் பயிற்சி வேறு, தாதியர் பயிற்சி வேறு. அந்தப் படிப்பைக் கொண்டு இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு பெற முடியுமா என்று விசாரித்த பின்னரே பணம் கட்ட வேண்டும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்தபோது, முதலில் கேள்வி கேட்ட தாய் நம்மிடம் வந்தார். பயிற்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “எம்புள்ள பொறந்தது வவுனியாவுலங்க. அந்தப் பத்திரத்த எடுக்க எந்தக் கந்தோருக்குப் போகணும்?” என்று கேட்டார்.

கலந்துரையாடுவோம்

1. நமது ஊரில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? ஆசிரியர் இல்லாவிட்டால் நாம் சேர்ந்து என்ன செய்யலாம்?
2. நமது வீட்டில் எந்தெந்தப் பத்திரங்கள் இல்லை? அவற்றை எங்கே பெறலாம்?
3. நோயாளியைப் பார்த்து, எண்ணி, எழுதி வைக்கும் பழக்கத்தை வீட்டில் எவ்வாறு தொடங்கலாம்? அடுத்த வகுப்புக்கு வருமுன், வீட்டிலுள்ள சிறு பிள்ளையொன்று உறங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பழகி வாருங்கள்.