பழைய ஆம்னியில் விட்டு விட்டு வரும் மின்கோளாறுகள்: கேள்வி–பதில்

கேள்வி: 2009 மாடல் ஆம்னி. சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' சத்தம் மட்டும் வருகிறது. நாலைந்து தடவை திருப்பிய பிறகு செல்ஃப் எடுக்கிறது. பேட்டரி, செல்ஃப் மோட்டார் இரண்டையும் மாற்றியாயிற்று. வேறென்ன மாற்ற வேண்டும்? (திண்டுக்கல்)

பதில்: எதையும் மாற்றக் கூடாது, முதலில் அளக்க வேண்டும். பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் கரண்ட் அதே அளவில் திரும்பியும் வர வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், எர்த் ஒயர் ஒன்றே அது திரும்பும் வழி. பதினைந்து வருட ஈரத்தில் அதன் லக்குக்கு அடியில் துரு ஏறும். ஒயர் உறைக்குள் செம்பு பச்சை பூத்துவிடும். வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாகவே இருக்கும்.

பெரும்பாலான பட்டறைகளில் இங்கேதான் தவறு நடக்கிறது. மீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து எர்த் ஒயரைத் தொடுகிறார்கள். பீப் வந்ததும் ஒயர் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இருபது இழை அறுந்து ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் பீப் வரும். அந்த ஒற்றை இழையால் செல்ஃப் கேட்கும் நூறு ஆம்பியர் அளவைத் தாங்க முடியாது. லோடு ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல), சிவப்பு முனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அங்கேதான். லக்கைக் கழற்றி, தகடு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். எர்த் நன்றாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது சாவி சுவிட்சின் தேய்ந்த காண்டாக்ட். செல்ஃபின் சின்ன ஒயரில், சாவி திருப்பியபடி இருக்கும்போது, பேட்டரியில் உள்ள வோல்ட்டேஜ் ஏறக்குறைய அப்படியே வர வேண்டும்.

கேள்வி: இண்டிகேட்டர் போட்டால் பின்னால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து சிமிட்டுகிறது. ஃபிளாஷரை மாற்றலாமா? (காரைக்குடி)

பதில்: வேண்டாம். அந்த டெயில் லாம்ப்பின் எர்த் விட்டிருக்கிறது.

கேள்வி: மழை நாளில் மட்டும் ஒரு ஃபியூஸ் போகிறது. 15 ஆம்பியருக்குப் பதில் 30 போட்டுக் கொடுத்தார்கள், இப்போது போவதில்லை. அப்படியே விடலாமா? (நாகர்கோவில்)

பதில்: அதை இன்றே கழற்ற வேண்டும். ஃபியூஸ் காப்பது ஒயரை. 30 போட்டபின் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர்தான் எரியும், அதுவும் ஆட்கள் உட்காரும் சீட்டுக்கு அடியில். ஷார்ட்டைக் கண்டுபிடிக்க ஃபியூஸ்களை வீணாக்கத் தேவையில்லை. ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைக் கோக்க வேண்டும். அந்தச் சர்க்யூட்டின் பல்பு, மோட்டார் எல்லாவற்றையும் கப்ளரில் கழற்றிவிட வேண்டும். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழுப் பிரகாசமாக எரியும். ஒயர்க் கட்டை ஒரு முனையிலிருந்து அசைத்துக்கொண்டே வந்தால், பல்பு அணையும் இடமே ஷார்ட்டான இடம். தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் போன இடம், எலி கடித்த இடம், கூடுதல் ஹாரனுக்காக ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றிய இடம், இந்த மூன்றையும் முதலில் பார்ப்பது நல்லது. காய்ந்த நாளில் கோளாறு ஒளிந்துகொள்ளும். தண்ணீர் தெளித்துத்தான் தேட வேண்டும்.

கேள்வி: மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. (ஈரோடு)

பதில்: அரை ஆம்பியர் கசிவு போதும், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூன்று நாளில் காலியாகும். எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை ஆம்பியரில் கோத்துப் பார்க்க வேண்டும். 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும்; எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்தச் சர்க்யூட்தான். பிற்பாடு பொருத்திய ஸ்டீரியோவிலும் சென்ட்ரல் லாக்கிலும்தான் பெரும்பாலும் சிக்கும். மீட்டர் கோத்திருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது.

கேள்வி: பட்டறைக்குக் கொண்டுபோனால் கோளாறு வருவதே இல்லை. வண்டியை விற்றுவிடலாமா? (தஞ்சாவூர்)

பதில்: இதற்காக விற்க வேண்டியதில்லை. கோளாறு வரும்போதெல்லாம் மழையா, எஞ்சின் சூடா, பள்ளத்தில் குலுங்கியதா, எந்த சுவிட்ச் போட்டிருந்தது என்று குறித்து வைக்க வேண்டும். குலுங்கும்போது வந்தால் தளர்ந்த கப்ளரையும், சூட்டில் வந்தால் ரிலேயையும் காயிலையும், ஈரத்தில் வந்தால் ஒயரின் உறையையும் சந்தேகிக்கலாம். அந்தக் குறிப்பைப் படித்துப் பார்க்கப் பொறுமை உள்ள எலக்ட்ரீஷியனிடம் வண்டியை ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தால், அவரால் அதே நிலையை உண்டாக்கிக் கோளாறை வரவழைக்க முடியும்.