ஆராய்ந்து எழுதுதல்

காவிரியின் தென்கரையில் உள்ளது உறையூர். முற்காலச் சோழரின் தலைநகராக விளங்கிய இவ்வூர், இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாகும். இதனைப் பற்றிக் கட்டுரை வரையப் புகும் மாணவன் முதற்கண் யாது செய்தல் வேண்டும்? எழுதுகோலை எடுக்குமுன் செய்திகளைத் தேடுதல் வேண்டும். தேடியவற்றை ஆராய்தல் வேண்டும்.

உறையூர் மண்மாரியால் அழிந்தது என்று ஊரார் வழிவழியாகக் கூறுவர். வெக்காளியம்மன் வானமே கூரையாக வீற்றிருத்தற்கும் அக்கதையையே காரணமாகக் காட்டுவர். கேட்ட அளவிலே இதனை வரலாறு என்று எழுதுதல் பிழை. பொய் என்று தள்ளுதலும் பிழை. 'இவ்வாறு மக்கள் கூறுவர்' என்று எழுதுதலே நேர்மை. கதை மக்களின் நினைவுக்குச் சான்றாகும். நிகழ்ச்சிக்கோ வேறு சான்று வேண்டும்.

மற்றொரு செய்தியைக் காண்போம். உறையூர் பண்டு ஆடைக்குப் பெயர்பெற்றது என்பர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடற் பயண நூல், 'அர்கரு' என்னும் இடத்து மெல்லாடைகளைக் குறிப்பிடுகின்றது. அஃது உறையூரே என்பர் ஆராய்ச்சியாளர். பெயரொப்புமை ஒன்றே போதுமோ? போதாது. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை இங்கு அகழ்ந்தனர். அப்போது எழுத்துப் பொறித்த பானையோடுகளும், அயல்நாட்டு வாணிகத்தைக் காட்டும் மட்கலங்களும், சாயத்தொட்டி எனக் கருதப்படும் செங்கற் கட்டடமும் வெளிப்பட்டன. ஏட்டில் உள்ளதற்கு மண்ணிலும் சான்று கிடைத்தது. ஒன்றையொன்று அறியாத இரு சாட்சிகள் ஒத்துரைக்குமாயின் துணிவு வலுப்பெறும் அன்றோ?

இந்நெறிக்கு எடுத்துக்காட்டாக விளங்கியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர்தம் ஆசிரியராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தவர். உறையூர்ப் புராணம் பாடியவர். ஐயர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஒரேட்டை மட்டும் நம்பினார் அல்லர். பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார்; பாட வேறுபாடுகளைக் குறித்தார்; ஏடு உதவியோரின் பெயர்களை நன்றியுடன் வெளியிட்டார். பிறர் உழைப்பைத் தமதாகக் காட்டாமையே புலமைக்கு அழகு.

ஆதலின் மாணவர்கள் கட்டுரை எழுதுங்கால், ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து கிடைத்தது என்பதைத் தனித்தாளில் குறித்தல் வேண்டும். அறிந்ததையும் கருதியதையும் பிரித்து எழுதுதல் வேண்டும். பின்னர்ச் செய்திகளை முறைப்படுத்தி, எளிய நடையில் வரைதல் வேண்டும். நடையின் அழகு பொய்யை மெய்யாக்காது. மெய்யோ, எளிய நடையிலும் ஒளிரும்.

பயிற்சி
1. மண்மாரிக் கதையைக் கட்டுரையில் எவ்வாறு எழுதுதல் வேண்டும்? ஏன்?
2. நும் ஊரைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்றனுக்கு இரு சான்றுகள் தேடி ஒரு பக்கம் எழுதுக.