திறந்திருக்கும் அறிவுக் கதவு

நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது நூலகவியலின் முதல் விதி. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய இரா. அரங்கநாதன், 1931ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் இதனை வகுத்துரைத்தார். அச்சு நூல்களுக்காக எழுந்த அவ்விதி, இணையவழி ஆய்விதழ்களுக்கும் பொருந்துகிறது.

உழைப்பும் விலையும்

பல்கலைக்கழக ஆய்வுகள் பல, மக்களின் வரிப்பணத்தால் நிகழ்கின்றன. ஆய்வாளர் தம் கட்டுரையை ஊதியம் பெறாமல் ஆய்விதழுக்கு அளிக்கிறார். அதன் தரத்தை மதிப்பிடும் அறிஞரும் பெரும்பாலும் ஊதியம் பெறுவதில்லை. ஆயினும், அக்கட்டுரையைப் படிக்க அவர்தம் பல்கலைக்கழக நூலகமே பெருந்தொகையைச் சந்தாவாகச் செலுத்த வேண்டியுள்ளது. சந்தா செலுத்த இயலாத கல்லூரியின் மாணவருக்கோ கட்டுரைச் சுருக்கம் மட்டுமே கிட்டுகிறது. இந்நிலையை மாற்ற எழுந்ததே திறந்த அணுகல் இயக்கம். ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் பகிரவும் வேண்டும் என 2002இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை வலியுறுத்தியது.

நூலகத்தின் புதிய பணி

இவ்வியக்கத்தால் நூலகத்தின் பணி விரிவடைந்தது. ஆய்வாளர் தம் கட்டுரையின் இறுதிப் படியை நூலகத்தின் மின் களஞ்சியத்தில் ஒப்படைக்கிறார். நூலகர் அதன் பதிப்புரிமையைச் சரிபார்த்து, தேடுவோர் கண்டறியும் வகையில் விவரங்களைச் சேர்த்து, நிலையான இணைய முகவரியில் பாதுகாக்கிறார்.

பதிப்பாளரோடு உரிமை பேசுவதும் நூலகத்தின் கடமையாயிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2019இல் எல்செவியர் பதிப்பகத்துடனான சந்தாப் பேச்சை முறித்துக்கொண்டது. 2021இல் உருவான புதிய உடன்பாடு, அப்பல்கலைக்கழக ஆய்வாளர்தம் கட்டுரைகள் திறந்த அணுகலில் வெளிவர வழிவகுத்தது.

எனினும், இம்முறையில் வெளியீட்டுக் கட்டணம் எழுதுவோர் மீது சுமத்தப்படுவதுண்டு. படிப்போருக்கு இருந்த தடை எழுதுவோருக்கு மாறுவது தீர்வாகாது. ஆதலால், அவ்வுடன்பாட்டின்படி கட்டணத்தின் ஒரு பகுதியை நூலகம் ஏற்றது. ஆய்வு நிதி இல்லாதவர்க்கு முழுத்தொகையையும் ஏற்றது.

நம் நாட்டில்

முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதித்தது. அவற்றைப் பல்கலைக்கழகங்கள் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் சேர்க்கின்றன. காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் நடுவம் இதனைப் பேணுகிறது. முன்னர் ஒரு நூலகத்தின் அடுக்கில் மட்டுமே இருந்த தமிழ் ஆய்வேட்டைச் சிற்றூர் மாணவரும் இன்று கட்டணமின்றிப் படிக்கிறார். அதன் முடிவை ஏற்கவும் மறுக்கவும் அவருக்கு வாய்ப்புக் கிட்டுகிறது. பயில்வோர் பெருகப் பெருக ஆய்வும் செழிக்கும்.