அலறாத அலாரம்

கையில் சர்க்கரை சென்சார் ஒட்டியிருப்பவர்கள், ராத்திரி அளவு 70-க்குக் கீழே இறங்கினால் போன் அலறி எழுப்பிவிடும் என்று நம்பித்தான் தூங்குகிறார்கள். சில சமயம் அது அலறுவதில்லை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 பிப்ரவரியில் இதைப் பற்றி எச்சரித்தது. காரணங்கள் சில்லறை விஷயங்கள்: 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டிருப்பது, போன் அப்டேட் ஆனதும் அனுமதிகள் மாறிவிடுவது, ப்ளூடூத் ஹெட்செட்டுக்குச் சத்தம் போய்விடுவது. எங்கள் வீட்டில் ஒரு நாள் அலமாரிக்குள் கிடந்த ஹெட்செட் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. தலைமாட்டில் போன் கம்மென்று கிடந்தது!

போனில் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவையுங்கள். புதிய பதிப்பில் சென்சார் ஆப் ஒழுங்காக வேலை செய்யும் என்று சென்சார் தயாரிப்பாளர் சொன்ன பிறகு போட்டால் போதும். போட்டதும் அலாரம் வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஆப்பை 'ரீகால்' செய்தார்கள் என்றால் எதையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதில்லை; பெரும்பாலும் திருத்திய பதிப்பு வரும். அந்தத் தகவல் வந்து சேர, கருவி வாங்கியதும் உங்கள் போன் எண்ணைத் தயாரிப்பாளரிடம் பதிந்துவிடுங்கள். போனுக்குப் பதில் அளவைக் காட்டும் தனி ரிசீவர் வைத்திருந்தாலும் கவனம் தேவை. 2016-ல் சென்சார் தயாரிக்கும் டெக்ஸ்காம் நிறுவனத்தின் ரிசீவர்களையே அலாரம் ஒலிக்காத கோளாறுக்காகத் திரும்பப் பெற்றார்கள்.

வியர்த்துக் கொட்டி, கை நடுங்கினால் திரையில் என்ன எண் இருந்தாலும் சரி, விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள்.