பிள்ளை பிடிக்கிறவனும் தெரிந்த மாமாவும்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடல் பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுக்கப்போகிறோம் என்று பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும், பெற்றோரின் வாட்ஸ்அப் குழு கொதிக்கத் தொடங்கிவிடும். அங்கே அடிக்கடி சொல்லப்படுகிற சிலவற்றை எடுத்துப் பார்ப்போம்.

"ஒண்ணும் தெரியாத பிள்ளைக்குப் பாலியல் கல்வியா?"

தொடக்கப் பள்ளிப் பாடத்தில் ஆண், பெண் உறவு பற்றி ஒரு வரியும் கிடையாது. உடல் உறுப்புகளின் பெயர்கள் இருக்கும். குளிப்பாட்டவும் வைத்தியம் பார்க்கவும் தவிர, உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும் தொடவோ பார்க்கவோ படமெடுக்கவோ கூடாது என்ற விதி இருக்கும். காய் விட்ட தோழியோடு எப்படிப் பழம் விடுவது, "என்கூட மட்டும்தான் நீ விளையாடணும்" என்று மிரட்டும் நண்பனிடம் என்ன சொல்வது என்பதும் இதே பாடம்தான். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்ற கவலைக்கும் விடை இருக்கிறது. பல நாடுகளில் நடந்த 24 ஆய்வுகளை, ஏறத்தாழ 5,800 மாணவர்களின் விவரங்களோடு, மருத்துவ, நல்வாழ்வு ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் தொகுத்துப் பார்த்தது. பிள்ளைகளின் பாதுகாப்பு அறிவு கூடியிருந்தது. பயமோ பதற்றமோ கூடியதற்குச் சான்று இல்லை.

"தெரியாதவங்ககிட்ட பேசாதேன்னு சொல்லி வெச்சிருக்கோம், அது போதும்."

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. பூச்சாண்டி, கோணிப்பையோடு வரும் பிள்ளை பிடிக்கிறவன் என்று தலைமுறை தலைமுறையாக நாம் பயம் காட்டியதெல்லாம் வெளியாளை வைத்துத்தான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கோ வேறு கதை சொல்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். வேன் ஓட்டும் அண்ணன், ட்யூஷன் சார், பக்கத்து வீட்டுத் தாத்தா, சொந்த மாமா, சில நேரம் அப்பா.

அவர்கள் முதலில் பிடிப்பது பெற்றோரின் நம்பிக்கையை. பிறகு சாக்லேட், போனில் கேம், மடியில் உட்கார வைத்துக் கதை. கொஞ்ச நாளில், "இது நமக்குள்ள ரகசியம், அம்மாகிட்ட சொல்லிடாதே." ஆகவேதான் நல்ல வகுப்புகளில் ரகசியம் பற்றித் தனியாகச் சொல்லித் தருகிறார்கள். அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கி ஒளித்துவைத்த பரிசு, ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்து எல்லோரும் சிரிக்கப்போகிற விஷயம். எப்போதுமே யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னால், அதை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

வேண்டாத தொடுதலை மறுக்கலாம் என்று பள்ளி சொல்லித்தரும். வீடு அதைக் கெடுக்கும். அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும் பிள்ளையை இழுத்து, "மாமாவுக்கு ஒரு உம்மா குடு" என்கிறோம். மறுத்தால் "பெரியவங்க சொன்னா கேக்கணும்" என்கிறோம். வந்தவருக்கு ஒரு வணக்கம் சொன்னால் மரியாதை குறைந்துவிடுமா என்ன?

"குட் டச், பேட் டச் சொல்லிக் குடுத்தாச்சு."

ஊசி போடும் டாக்டர் வலிக்க வைக்கிறார். தவறான எண்ணத்தோடு தொடுகிறவன் கிச்சுகிச்சு மூட்டலாம். பிள்ளை சிரிக்கவும் செய்யலாம். ஐந்து வயதில் நல்லது கெட்டதை உணர்ச்சியை வைத்துப் பிரிக்கச் சொன்னால் குழம்பத்தான் செய்யும். மேலே சொன்ன உள்ளாடை விதிபோல் தெளிவான விதிதான் அந்த வயதுக்குப் பிடிபடும். போனில் ஆபாசப் படம் காட்டுகிறவன் தொடுவதே இல்லை. அதுவும் போக்சோவில் குற்றம்.

"எங்களுக்குப் பையன்தான்."

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கும் மேல் பையன்கள். 2012இல் வந்த போக்சோ சட்டமும் 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பொது.

"நோ சொல்லிட்டு, கத்திக்கிட்டே ஓடிவரக் கத்துக் குடுத்துட்டா தப்பிச்சுக்கும்."

ஆறு வயதுப் பிள்ளை ஒரு பெரிய ஆளைத் தடுத்துவிடும் என்று நம்புவது, நம் பொறுப்பை அதன் தலையில் கட்டுவது. பயத்தில் உறைந்துபோவதே பல குழந்தைகளுக்கு இயல்பு. பிறகு, சொல்லித்தந்தபடி கத்தவில்லையே என்று குற்ற உணர்வில் வாய் மூடிவிடும். வகுப்புகளால் துன்புறுத்தலே குறைகிறதா என்ற கேள்விக்கு காக்ரேன் தொகுப்பிலும் உறுதியான விடை இல்லை. நடந்ததைச் சொல்ல வாய் திறக்க வைப்பதுதான் இந்தப் பாடத்தின் முதல் வேலை என்பேன். சொன்ன பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காமல், "உன் மேல தப்பே இல்ல, சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்வது பெரியவர்களின் வேலை.

"வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்."

குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்பது சட்டம். வாக்குமூலம் வாங்கக் குழந்தை இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல். முடிந்தவரை பெண் அதிகாரி. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. பள்ளியின் பெயரைக் காப்பாற்ற, கூப்பிட்டுப் பேசி முடித்து வைக்கும் வேலையை யாரும் செய்ய முடியாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098; தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் ஒன்று கேளுங்கள். வகுப்பு முடிந்த கையோடு ஒரு பிள்ளை வந்து டீச்சரின் காதில் ஏதோ சொன்னால், அடுத்த ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்வார்கள்? பதில் தயாராக இல்லையென்றால், முதல் வகுப்பை ஆசிரியர்களுக்கு நடத்தச் சொல்லுங்கள்.